லாசரஸ் சொன்ன நடக்கிற தூரம்

அன்று காலை சுந்தரவல்லி வைத்த சட்னியில் உப்பு சரியாக இருந்தது. அந்த வீட்டில் அன்றைக்கு அதைத் தவிர வேறொன்றும் சரியாக நடக்கவில்லை.

செம்பாக்கம் ஏரியைப் பார்த்த வீடு அது. கணவர் தட்சிணாமூர்த்திக்குக் கேம்ப் ரோட்டில் சிமெண்டுக் கடை. முதல் நாள் கடைக்கு வந்த இன்லண்ட் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே ஊறவைத்திருந்து, இட்லி சாப்பிடும்போது எடுத்துப் பிரித்தார். ஆரணியில் வாழ்க்கைப்பட்ட தங்கை சாமுண்டீஸ்வரி எழுதியிருந்தாள்.

"அண்ணாவுக்கும் அண்ணிக்கும் நமஸ்காரம். மகள் கிளிக்கு நிச்சயம் செய்திருக்கும் மாப்பிள்ளை வீட்டார் உங்கள் ஊர் தீம் பார்க்கைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். எங்கள் அண்ணன் வீட்டு மாடியில் நின்றால் ராட்டினத்தில் சுற்றுகிறவர்களின் முகமே தெரியும் என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் பதினாலு பேர், நாங்கள் மூன்று பேர். சனிக்கிழமை வந்து மூன்று நாள் தங்குவோம். அண்ணியிடம் சொல்லவும்."

வீட்டுக்கு மாடியே கிடையாது. வண்டலூர் தாண்டி உள்ளே இருக்கும் பார்க்குக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பார்க் திறந்த இரண்டு வருஷத்தில் இதே மாதிரி இருபத்துமூன்று கடிதங்கள் வந்துவிட்டன. சுந்தரவல்லியின் கல்யாணத்தில் போட்டோ எடுத்தவரின் மச்சான் குடும்பம்கூட ஒரு தடவை வந்து நான்கு நாள் தங்கியது. அவள் புளி காய்ச்சும் வாசனை பெருங்களத்தூர் வரைக்கும் போகும். அங்கே ஊருக்குப் போகப் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஸ்கூல் லீவு வுட்டாங்க போல" என்பார்கள். அத்தனை பேருக்கும் புளிசாதம் கட்டிக் கொடுத்து அனுப்பிய சுந்தரவல்லி, அந்தப் பார்க்கின் வாசலைக்கூட இதுவரை பார்த்ததில்லை.

கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"சம்மந்தி வூட்டுக்காரங்கள லாட்ஜ்ல தங்க வெச்சுடலாம்."

தட்சிணாமூர்த்தியின் இட்லி, தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் மூன்று நிமிஷம் நின்றது.

"இன்னா சொன்ன...? சொந்த வூடு இருக்க, சம்மந்திய லாட்ஜுல போடறதா? நாளைக்கு இந்த ஊர்ல நான் சிமெண்டு விக்கிறதா, வேணாமா?"

மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமனார் முனிரத்தினம் தட்டைத் தள்ளினார். வயது எழுபத்தாறு.

"என் பொணத்தத் தாண்டிப் போய் லாட்ஜு புடிங்க! முப்பாட்டன் காலத்துல இருந்து இந்த வாசலுக்கு வந்தவன் இங்கதான் படுத்தான்! இவ வந்தா... வூட்டுக்கு வந்தவனத் தொரத்தறா!"

"மாமா, இன்னொரு கரண்டி சட்னி போடட்டா?"

"போடு" என்றார் முனிரத்தினம், கோபம் குறையாமல்.

சுந்தரவல்லி பதில் பேசவில்லை. அவள் பேசாததற்குக் காரணம் அந்தக் கடிதத்திலேயே இருந்தது. பசை தடவி ஒட்டும் ஓரத்தில், எறும்பு எழுதியது போல ஒரு வரி: "அத்தை, ஹாலில் எல்லாரும் வரிசையாகப் படுக்க வேண்டியிருக்கும். உன்னைத்தான் நம்பியிருக்கிறேன். கிளி."

விஷயம் இதுதான். முனிரத்தினத்துக்குக் குறட்டை உண்டு. ஒரு மத்தியானம் தெருவில் போன தண்ணீர் லாரிக்காரர் வண்டியை ஓரம்கட்டி, பானட்டைத் திறந்து, அரைமணி நேரம் என்ஜினைப் பார்த்துவிட்டு, கோளாறு ஒன்றும் தெரியாமல் குழப்பத்தோடு போனார். ஏரியிலிருந்த நீர்க்கோழிகள் எதிர்க்கரைக்குக் குடிபோய் வருஷம் முப்பதாகிறது. ஆனால் அந்தக் குறட்டையிலேயே பிறந்து வளர்ந்த தட்சிணாமூர்த்திக்கும் சாமுண்டிக்கும் அது காதில் விழுவதில்லை. அஸ்தினாபுரத்திலிருந்து மருமகளாக வந்த சுந்தரவல்லி, மறுநாள் காலையில், "மாமாவுக்கு ஒடம்பு சரியில்லையா? ராத்திரியெல்லாம் சத்தம்..." என்று கேட்டாள். "இன்னா சத்தம்?" என்று வீடே திருப்பிக் கேட்டது. அன்றோடு வாயை மூடியவள், இருபத்திரண்டு வருஷமாகத் திறக்கவில்லை.

அந்தக் குறட்டை மகனையும் மகளையும் விட்டுவிட்டு, பேத்தி கிளிக்குப் போய்ச் சேர்ந்தது. கொடி மாதிரி பெண், குயில் மாதிரி குரல். அவள் தூங்கினால் சுந்தரவல்லியின் சமையலறையில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு அலமாரியின் ஓரத்துக்கு நகரும். காலேஜ் ஹாஸ்டலில் அவளோடு தங்கிய ஆறு பெண்களும் வரிசையாக அறை மாறிப் போனபோதுதான் கிளிக்கே தெரிந்தது. அப்பாவுக்குக் காது மந்தம். அம்மாவிடம் சொன்னாள். "இன்னாடி சத்தம்? எனக்கு ஒண்ணும் கேக்கலயே" என்றாள் சாமுண்டி. கடைசியில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"கல்யாணம் ஆனப்புறம் அவர்கிட்ட நானே சொல்லிக்கிறேன் அத்தை. அதுக்கு முன்னாடி யாருக்கும் தெரியக் கூடாது. என் தலைமேல சத்தியம் பண்ணு!"

சுந்தரவல்லி சத்தியம் செய்தாள். இப்போது அந்தச் சத்தியம் பதினாலு சம்பந்திகளோடு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது.

நான்கு நாளாகத் தட்சிணாமூர்த்தி மனைவியிடம் பேசவில்லை. மோர் வேண்டுமென்றால் டிவியைப் பார்த்துக் கேட்டார். லாட்ஜுக்குக் காசு தர மாட்டேன் என்பதையும் டிவியிடமே சொன்னார். சுந்தரவல்லி ஒரு கிரைண்டர் வாங்குவதற்காக அரிசிப் பானைக்குள் சேர்த்து வைத்திருந்ததை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். ஆட்டுக்கல் இன்னும் கொஞ்ச வருஷம் சுற்றும், அதற்கென்ன. லாட்ஜ் பார்க்கக் கிளம்பினாள்.

"நானும் வரேன்" என்று செருப்பை மாட்டினார் முனிரத்தினம். "நீ புடிக்கிற லாட்ஜுல எத்தினி ஓட்டை கீதுன்னு நான் எண்ணிச் சொல்றேன்."

அவள் எதிர்பார்த்ததும் அதைத்தான். கோபத்தில் சாமுண்டி தானும் லாட்ஜுக்குப் போவாள். கூடவே கிளியையும் தன் அறைக்கே இழுத்துப் போவாள். ஆகையால் லாட்ஜுக்கு வேண்டியது மூன்று: வாடகை கட்டுபடியாக வேண்டும், பார்க்குக்கு நடந்து போக முடிய வேண்டும், சுவர் கனமாக இருக்க வேண்டும். சுவரைச் சோதிக்க முனிரத்தினத்தைவிடச் சிறந்த கருவி செங்கல்பட்டு ஜில்லாவிலேயே கிடையாது. தலையணையில் தலை பட்டால், பதினொன்று எண்ணுவதற்குள் தூங்கிவிடுவார்.

முதல் லாட்ஜ் பெருங்களத்தூர் ஜி.எஸ்.டி. ரோட்டின் மேலேயே இருந்தது. ஜன்னல் வழியே கையை நீட்டி மதுரை பஸ்ஸை நிறுத்தலாம்.

"மாமா, கட்டில் எப்படின்னு கொஞ்சம் படுத்துப் பாருங்க."

"மூட்டப்பூச்சி இருக்கும், பாத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே படுத்தார். சுந்தரவல்லி பக்கத்து அறைக்குப் போய்க் காதை வைத்தாள். வைக்கத் தேவையே இருக்கவில்லை. அறைகளை மறைத்தது வெறும் பிளைவுட். கீழே டீக்கடையில் நின்றிருந்த மூன்று பேர், திருச்சி பஸ் கிளம்பிவிட்டதென்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள்.

இரண்டாவது லாட்ஜ் பார்க்கின் எதிரிலேயே இருந்தது. சுவரும் மோசமில்லை. ஆனால் மானேஜர் வாடகையைச் சொன்னபோது, ஆழ்ந்த தூக்கத்திலிருந்த முனிரத்தினம் கண்ணைத் திறக்காமலே எழுந்து, செருப்பை மாட்டி, ரோட்டுக்கு வந்து நின்றுவிட்டார்.

மூன்றாவது இரும்புலியூரில் இருந்தது. சொந்தக்காரர் லாசரஸ், ஒல்லியாக, நெட்டையாக, வெள்ளை வேட்டியில் இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பழைய ஐஸ் பேக்டரி ஒன்றை வாங்கி அறை அறையாகத் தடுத்திருந்தார். வாசலில் வேளாங்கண்ணி மாதா படம், அதன் கீழே ஆணியில் வரிசையாகத் தேய்ந்துபோன ஏழு ஜோடி கேன்வாஸ் ஷூ.

"சுவர் ஒன்றரை அடிம்மா. நடுவுல மரத்தூள். ஐஸே உருகாத சுவரு."

முனிரத்தினம் படுத்தார். சுந்தரவல்லி பக்கத்து அறைக்குப் போனாள். காதை வைத்தாள். ஒன்றுமில்லை. இன்னும் அழுத்தி வைத்தாள். ஒன்றுமே இல்லை... கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அப்படி ஒரு அமைதியைக் கேட்டதும், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். ஆகையால் மிச்சமிருந்த ஒரு கேள்வியை வெளியே வந்து அவசரமாகத்தான் கேட்டாள்.

"ஏங்க, பார்க்கு எவ்ளோ தூரம்?"

"நடக்கிற தூரம்தாம்மா" என்றார் லாசரஸ், மாதா மேல் ஆணையாக.

வாடகையும் கட்டுபடியாகிற வாடகைதான். ஆறு அறைகளுக்கு அங்கேயே முன்பணம் கொடுத்தாள். திரும்பும் வழியில் முனிரத்தினம் கண்டுபிடித்துச் சொன்ன ஒரே குறை, "அந்த ஆளு செருப்ப மாட்றதுக்குப் பதிலா ஷூவ மாட்டி வெச்சிருக்கான்" என்பது.

சனிக்கிழமை காலையில் பதினேழு பேரும் வந்து இறங்கினார்கள். காப்பி ஆனது. லாட்ஜ் விஷயத்தைச் சுந்தரவல்லி சொன்னாள். சாமுண்டி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி அழுதாள்.

"அண்ணி...! நான் பொறந்த வூட்டு வாசல்ல, என் சம்மந்தி முன்னாடி, என் மானத்த வாங்கிட்டியே அண்ணி...! யார் யாரோ வந்து தின்னுட்டுப் போறான்... எம் பொண்ணு கல்யாணம்னா மட்டும் உனுக்கு வூடு பத்தலயா? உனுக்கு இன்னா தீங்கு பண்ணேன் நான்...?"

"லாட்ஜு நல்லாக் கீது சாமுண்டி. ஃபேன் கீது" என்றாள் சுந்தரவல்லி, தரையைப் பார்த்தபடி.

"ஃபேனாம்! நானும் எம் பொண்ணும்கூட அந்த லாட்ஜுக்கே போறோம். இனிமே இந்த வூட்டுல பச்சத்தண்ணி குடிச்சேன்னா என்னான்னு கேளு!"

தட்சிணாமூர்த்தி டிவி இருந்த பக்கமே திரும்பி நின்றார். மாப்பிள்ளையின் அம்மா செல்லியம்மாள் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. மகன் பொன்னுரங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் தெருவில் இறங்கி நடந்துவிட்டாள். கோபத்தில் போகிறாள் என்று வீடு நடுங்கியது. கிளி மட்டும் ஒரு கணம் அத்தையின் கையை அழுத்திவிட்டுப் போனாள்.

எல்லாரும் போன பிறகு சுந்தரவல்லி சமையலறையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதபடியே பதினேழு பேருக்குப் புளி கரைத்தாள். அவள் அழுத அழுகைக்கு அன்று புளிசாதத்துக்கு உப்பே போடவில்லை, சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சாதத் தவலையோடு லாட்ஜுக்குப் போனாள். முனிரத்தினமும் வந்தார். ஐஸ் பேக்டரிச் சுவர் தன் கடமையைச் செய்திருந்தது. யார் முகத்திலும் ஒரு சந்தேகமும் இல்லை. சர்ச்சில் முதல் பூசை முடித்து வந்த லாசரஸ், ஆணியிலிருந்து ஒரு ஜோடி ஷூவை எடுத்து மாட்டி, தலையில் ஒரு தொப்பியையும் வைத்துக்கொண்டார்.

"வழி தெரியாதில்ல, நானே கூட வர்றேன். லீவு நாள்ல பெருங்களத்தூர்ல பஸ் ஏற முடியாதும்மா. நடந்தா போயிடலாம்."

பத்தொன்பது பேரும் அவர் பின்னால் நடந்தார்கள். மே மாசம், கத்திரி. பெருங்களத்தூர் வந்தது. "இதோ" என்றார் லாசரஸ். ரயில்வே கேட் வந்தது. "அதோ" என்றார். வண்டலூரும் வந்துவிட்டது. அவர் கை காட்டிய இடத்தில் வெயில் மட்டும் இருந்தது.

ஆட்டோ பிடித்திருக்கலாம். ஆனால் கல்யாணம் நிச்சயமான இரண்டு வீட்டார் சேர்ந்து நடக்கும்போது, முதலில் கால் வலிக்கிறது என்று சொல்கிற வீட்டார் யார்?

"சம்மந்திம்மா, உங்களுக்குக் கஷ்டமா இருந்தா ஆட்டோ சொல்லட்டுமா?" என்றாள் சாமுண்டி, மூச்சு வாங்க.

"எங்களுக்கின்னா கஷ்டம்? நாங்க நெலத்துல நடந்தவங்க. நீங்கதான் பாவம்..." என்றாள் செல்லியம்மாள், நொண்டிக்கொண்டே.

"எங்களுக்கா! இது எங்களுக்கு வூட்டுக்கும் கொல்லைக்கும் போற தூரம்!"

இந்த மரியாதையில் இன்னும் இரண்டு கிலோமீட்டர் போயிற்று. காலியாக வந்த நான்கு ஆட்டோக்களை இரண்டு வீட்டாரும் முகம் மலர்ந்து அனுப்பிவைத்தார்கள். தவலை சுமந்த சுந்தரவல்லியை யாரும் கேட்கவில்லை. அவளோடு பேசுவதில்லை என்ற முடிவு அப்படியே இருந்தது.

கடைசியில், பாதி கட்டி நின்ற ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் முனிரத்தினம் மணல் குவியலில் சாய்ந்துவிட்டார். "பெரியவருக்காக" என்று சொல்லிக்கொண்டு எல்லாரும் பாய்ந்து உட்கார்ந்தார்கள். கிளி செங்கல் அடுக்கில் சாய்ந்தாள். கண்ணை மூடினாள்.

சுந்தரவல்லி தவலையோடு அவள் பக்கம் பாய்ந்தாள். "கிளி, தூங்காத..." என்று சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டது.

முதலில் மணல் சரிந்தது. ஞாயிற்றுக்கிழமையில் கான்கிரீட் மிஷினை யார் போட்டது என்று வாட்ச்மேன் வெளியே ஓடி வந்தார். சுந்தரவல்லி இருமினாள். தவலை மூடியைத் தட்டினாள். சம்பந்தமே இல்லாமல் ஒரு தாலாட்டை உரக்கப் பாடினாள். பதினான்கு சம்பந்திகளும் கிளியையே பார்த்தார்கள்.

"இன்னா எல்லாரும் அப்படிப் பாக்கறீங்க? அண்ணி எதுக்குப் பாடுது?" என்றாள் சாமுண்டி, ஒன்றும் புரியாமல்.

அப்போது மிஷினுக்குப் பின்னாலிருந்து இரண்டாவது சத்தம் வந்தது. முதல் சத்தம் கேள்வி கேட்டது போலவும், இது பதில் சொன்னது போலவும் இருந்தது. வாட்ச்மேன் மிஷினைச் சுற்றி வந்து பார்த்தார். ஜல்லிக் குவியல் மேல், வாய் திறந்தபடி, மாப்பிள்ளை பொன்னுரங்கம்.

செல்லியம்மாள் "ஐயோ!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு எழுந்து வந்து, யாரும் எதிர்பாராத விதமாக, சுந்தரவல்லியின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ தெய்வம் தாயி...! நிச்சயம் பண்ண நாள்லருந்து எனக்குத் தூக்கமில்ல. மூணு நாளு பொண்ணு வூட்டு ஹால்ல இவன எப்படிப் படுக்க வெக்கறது? முழிச்சிகினு கெடடான்னு காப்பித்தூள மெல்லக் குடுத்து இட்டாந்தேன்! லாட்ஜுன்னு நீ சொன்னதும் என் வயித்துல பால வார்த்த... எங்க மனசு மாறிடப் போறியோன்னுதான் வாயத் தொறக்காம எறங்கி ஓடினேன்!"

கிளி விழித்துக்கொண்டாள். எல்லார் முகத்தையும் பார்த்தாள். மிஷினுக்குப் பின்னாலிருந்து வந்ததைக் கேட்டாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை எந்தக் கல்யாண போட்டோவிலும் பார்க்க முடியாது.

"அம்மா, என் குறட்டையத்தான் எல்லாரும் பாத்தாங்க. உனுக்குக் கேக்காது. தாத்தாவோடதும் கேக்காது. அத்தைக்கு மட்டும்தான் கேக்கும். நான்தான் சத்தியம் வாங்கினேன். எனக்காகத்தான் லாட்ஜு புடிச்சுது... நீ திட்டினப்பகூட வாயத் தொறக்கல பாரு!"

சாமுண்டி எழுந்தாள். அண்ணியிடம் வந்தாள்.

"அண்ணி...! இத்தினி பேர் முன்னாடி நான் பேசின பேச்சுக்கு ஒரு வார்த்த... ஒரு வார்த்த திருப்பிச் சொல்லக் கூடாதா அண்ணி?" என்று கட்டிக்கொண்டு கதறினாள்.

"சொல்லியிருந்தா, இன்னா சத்தம்னு கேட்டிருப்ப" என்றாள் சுந்தரவல்லி. அவளும் அழுதாள். செல்லியம்மாளும் சேர்ந்துகொண்டாள். மணல் மேலிருந்து முனிரத்தினத்தின் குறட்டையும் சேர, இரண்டு குறட்டையும் மூன்று அழுகையுமாக அந்த இடம் கல்யாண மேளம் போல இருந்தது. லாசரஸ் தொப்பியைக் கழற்றினார்.

"வாங்க, இன்னும் கொஞ்ச தூரம்தான்."

"இருங்க சார்" என்றாள் சுந்தரவல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீங்க பஸ்ல போற பழக்கமே இல்லையா?"

"வருஷத்துக்கு ஒரு தடவை போவேம்மா. வேளாங்கண்ணியில இருந்து திரும்பி வரும்போது."

"போகும்போது?"

"நடந்துதான். எட்டு நாள் ஆகும். வருஷத்துக்கு ஒரு ஷூ." அவர் வெயிலைப் பார்த்தார். "அதோட பாத்தா இது பக்கம்தானே?"

வாட்ச்மேன் ரூமிலிருந்து போன் போனது. தட்சிணாமூர்த்தி சிமெண்டு ஏற்றும் வேனோடு பறந்து வந்தார். கதையைக் கேட்டார். "இன்னா சத்தம்?" என்று கேட்க வாயெடுத்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். பிறகு, டிவி பக்கத்தில் இல்லாததால், அவளிடமே பேசினார்.

"தப்பு என் மேலதான் சுந்தரி... ஏறு, பார்க்குக்குப் போலாம். உன்னத்தான் மொதல்ல ராட்டினத்துல ஏத்தணும்."

"ஆமாம் அண்ணி! பார்த்துட்டு எல்லாரும் வூட்டுக்கே போயிடலாம். இனிமே லாட்ஜு எதுக்கு? ஹால்ல ஒண்ணாப் படுத்துக்கலாம், இனி மறைக்கிறதுக்கு இன்னா கீது!" என்றாள் சாமுண்டி.

சுந்தரவல்லி தவலையைத் தூக்கிச் சாமுண்டியின் கையில் கொடுத்தாள்.

"நல்லதாப் போச்சு. எல்லாரும் பார்க்கு பாத்துட்டு வூட்டுக்குப் போங்க. இட்லி மாவு அரைச்சு வெச்சிருக்கேன், சாமுண்டி ஊத்தும். உங்கப்பாவுக்கு ரெண்டு கரண்டி சட்னி."

"நீ?" என்றார் தட்சிணாமூர்த்தி.

"லாட்ஜுக்கு இன்னும் ரெண்டு நாள் பாக்கி கீது. காசு குடுத்தாச்சு." லாசரஸ் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். "சார், நடு ரூம் சாவி."

லாசரஸ் சாவியைக் கொடுத்தார். ஒரு ஆட்டோவை, யாருடைய மரியாதையையும் பார்க்காமல், கையைக் காட்டி நிறுத்தினாள். ஏறிப் போனாள்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கதவைச் சாத்திப் படுத்தவள், மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் திறந்தாள். முகம் பத்து வயது குறைந்திருந்தது. வாசலில் லாசரஸ் கையில் காப்பியோடு நின்றிருந்தார். அவர் கண் சிவந்திருந்தது. ஐஸ் பேக்டரிச் சுவரை ஒரு தடவை தொட்டுத் தடவினார்.

"அம்மா... உங்க மாமனார் எப்ப வந்து உள்ள படுத்தார்?"

"மாமாவா? அவரு வூட்டுல இருக்காரு. நான் மட்டும்தான் இருந்தேன்."

"இல்லம்மா, இது ஒன்றரை அடி சுவரு. இதைத் தாண்டி இதுவரைக்கும் ஒரு சத்தம் வந்ததில்ல. நேத்து மத்தியானத்துல இருந்து..."

சுந்தரவல்லி காப்பியை வாங்கிக்கொண்டு, அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"இன்னா சத்தம்?"